வாலாட்டிய நட்சத்திரங்கள்!

குழந்தைகளே, உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை சுசீந்திரம் பக்கம் போனால் தேரூர் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். (சுசீந்திரம் பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசல் மாதிரிதான்!) கொக்கு, நாரை, கூழைக்கடா என்று பறவைகள் இரை தேடிக்கொண்டிருக்கும். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அக்காவிடம் செல்போனை வாங்கி ஒரு கொக்கைப் படம் பிடியுங்கள். "கொக்கே, கொக்கே, இந்தப் பக்கம் திரும்பு. ஒற்றைக்காலில் இரண்டு தடவை தத்து. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரி!" என்று சொல்லிப் பாருங்கள்.

என்ன ஆகும்? கொக்கு பறந்து போய்விடும். போனில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

இப்போது இதைக் கேளுங்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கையால் சுற்றும் கேமராவை வைத்துக்கொண்டு, நாய் கார் ஓட்டுவது போலவும், பூனைகள் குத்துச்சண்டை போடுவது போலவும், ஈ பந்து உருட்டுவது போலவும் படம் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் சில நிமிடங்கள் ஓடும் குட்டிக் குட்டிப் படங்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. எப்படி எடுத்தார்கள்?

பேசாத படம், பேசாத நடிகர்

அந்தக் காலப் படங்களில் பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. அதனால் ஊமைப்படம் என்று பெயர். தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்ததே 1931-ல்தான். அதற்கு முன்னால் வெள்ளைத் திரையில் உருவங்கள் மட்டும் அசையும். நடுநடுவே எழுத்து வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, "இதோ வருகிறான் பாருங்கள் திருடன்!" என்று கதை சொல்வதும் உண்டு.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பிவிட்டார்.

ஊமைப்படத்தில் மிருகங்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. கதாநாயகனுக்கே வசனம் கிடையாதே! அப்புறம் நாய்க்கு வசனம் இல்லாதது ஒரு குறையா? இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அமெரிக்காவில் ஒரு நாய் தொத்தலைத் திருடிக்கொண்டு ஓடினால், அதைப் பார்த்துச் சிரிக்கத் திருச்சிக்காரருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு ரகசியமும் உண்டு. சத்தம் பதிவாகாததால், மிருகத்தைப் பழக்கியவர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று, "உட்கார்! எழுந்திரு! தாவு!" என்று தொண்டை கிழியக் கத்தலாம். கைதட்டலாம், விசில் அடிக்கலாம். படத்தில் எதுவுமே கேட்காது. திரையில் பார்த்தால் நாய் தானாகவே யோசித்துச் செய்தது போல இருக்கும். நீங்கள் பார்த்துச் சிரித்த நாய், பாதி நேரம் கேமராவுக்குப் பின்னால் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது!

குத்துச்சண்டைப் பூனைகள்

மிருகங்கள் சினிமாவுக்கு வந்தது மிகவும் சீக்கிரம். 1894-ல் அமெரிக்காவில் எடிசனின் ஸ்டுடியோவில் இரண்டு பூனைகளுக்குக் குட்டிக் கையுறை மாட்டி, ஒரு மேடையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பின்னால் அவற்றின் சொந்தக்காரர் வெல்டன் நின்றுகொண்டிருப்பார். படம் அரை நிமிடம்கூட ஓடாது. அப்போது திரையில் காட்டும் வசதி வரவில்லை. ஒரு பெட்டியில் இருக்கும் துளை வழியாக ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தப் பூனைகளுக்கு அது விளையாட்டாக இருந்ததா? படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கேள்வியை ஒரு பக்கம் வைத்திருங்கள். மறுபடியும் தேவைப்படும்.

11 ஆண்டுகள் கழித்து, 1905-ல், இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் என்பவர் தன் வீட்டு நாயையே கதாநாயகன் ஆக்கினார். நாயின் பெயர் பிளேர். காணாமல் போன குழந்தையை நாய் தேடிக் கண்டுபிடிக்கும் கதை. குழந்தையாக நடித்தது அவருடைய சொந்தக் குழந்தை! ஏழு நிமிடம்கூட ஓடாத இந்தப் படத்துக்கு எத்தனை பிரதிகள் போட்டும் போதவில்லை. பிரதி எடுத்து எடுத்தே மூலச்சுருள் தேய்ந்துபோனது. முழுப் படத்தையும் மறுபடி எடுத்தார்கள். அதுவும் தேய்ந்தது. மூன்றாவது முறையும் எடுத்தார்கள்!

அந்தப் படத்தில் பிளேர் செய்ததெல்லாம் நாய்க்குத் தெரிந்த வேலைகள்தான். ஓடியது, நீந்தியது, கதவைத் தள்ளியது. அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டியபோதுதான் 'குழந்தையைத் தேடுகிறது' என்ற கதை பிறந்தது. 1908-ல் வந்த இன்னொரு படத்தில் பிளேர் காரே ஓட்டும். நாய் செய்தது ஸ்டியரிங்குக்கு முன்னால் சமர்த்தாக உட்கார்ந்தது. மற்றதெல்லாம் மனிதர்களின் ஏற்பாடு.

வீட்டில் பூனை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். மீன் சாப்பாட்டை உற்றுப் பார்க்கும் பூனையை ஒரு துண்டு எடுங்கள். உங்கள் கணக்கு நோட்டை இன்னொரு துண்டு எடுங்கள். இரண்டையும் ஒட்டிப் போட்டுக் காட்டுங்கள். பூனை உங்கள் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கவலைப்படுவது போலவே இருக்கும்!

லூக் என்ற சூரன்

ஊமைப்படக் காலத்து நகைச்சுவை நாய்களில் எனக்கு மிகவும் பிடித்தது லூக். ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற குண்டு நடிகர் வீட்டில் வளர்ந்த நாய். ஏணியில் ஏறும், கூரை விட்டுக் கூரை தாவும். 1920-ல் வந்த 'சோளக்கொல்லைப் பொம்மை' என்ற பொருள்படும் படத்தில், சிரிக்கவே சிரிக்காத நடிகரான பஸ்டர் கீட்டனை லூக் துரத்தும்.

நாய் கிரீம் வைத்த பலகாரத்தைத் திருடித் தின்றுவிடும். வாயெல்லாம் வெள்ளை நுரை. கீட்டன் அதைப் பார்த்து, வெறிநாய் என்று நினைத்து ஓட்டம் பிடிப்பார். இடிந்துபோன ஒரு செங்கல் வீடு. கூரை இல்லை, சுவர்கள் மட்டும். கீட்டன் சுவர் மேல் ஏறி ஓடுவார். 'அப்பாடா, தப்பித்தோம்' என்று திரும்பிப் பார்த்தால், லூக்கும் ஏணியில் ஏறிச் சுவர் மேலேயே பின்னால் வந்துகொண்டிருக்கும்! ஒரு சுவர், இன்னொரு சுவர், ஜன்னல், மறுபடியும் சுவர். கடைசியில் இரண்டு பேருக்கும் சமாதானம் ஆகிவிடும்.

இந்தத் துரத்தலில் எனக்குப் பிடித்தது, லூக் நாயாகவே இருப்பதுதான். சட்டை இல்லை, தொப்பி இல்லை. துரத்துவது நாய்களுக்குப் பிடித்த விளையாட்டு. அந்த உயரம்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

(ஒரு விஷயம். நிஜத்தில் வாயில் நுரை தள்ளும் நாயைப் பார்த்தால் பக்கத்தில் போகாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

சாப்ளினின் தோழன்

சார்லி சாப்ளினை உங்களுக்குத் தெரியும். 1918-ல் அவர் எடுத்த 'நாய் வாழ்க்கை' என்ற படத்தில், வேலையில்லாத சார்லிக்கும் தெருநாய் ஒன்றுக்கும் நட்பு. நாய்க்கு அனுமதி இல்லாத ஒரு நடன அரங்குக்குள், தொளதொள பேண்டுக்குள் நாயை மறைத்துக் கொண்டுபோவார் சார்லி. பேண்டில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வால் வெளியே வந்து ஆடும். பார்ப்பவர்களுக்கு சார்லிக்கே வால் முளைத்தது போல இருக்கும்!

அந்த நாயின் நிஜப் பெயர் மட். படத்தில் ஓர் இடத்தில் சார்லி அதைத் தலையணை போல வைத்துக்கொண்டு தூங்குவார். நாய் கொஞ்சமும் அசையாது. அது எப்படி அவ்வளவு சமர்த்தாகத் தூங்கியது? ஸ்டுடியோவின் செலவுக் கணக்கில் பதில் இருக்கிறது. நாய்க்காக விஸ்கி வாங்கிய செலவும் அதில் எழுதியிருக்கிறது! பாவம், அதற்கு மதுவைக் கொடுத்து மயங்க வைத்திருக்கிறார்கள். சாப்ளின் அந்த நாயிடம் பிரியமாக இருந்தவர்தான். இருந்தாலும் அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. படம் முடிந்து சாப்ளின் வெளியூர்ப் பயணம் போனார். சில வாரங்களில் மட் இறந்துபோனது. பிரிவைத் தாங்காமல்தான் இறந்தது என்று ஸ்டுடியோவில் சொல்லிக்கொண்டார்களாம்.

1928-ல் வந்த 'சர்க்கஸ்' படத்தில் பயப்பட வேண்டிய முறை சாப்ளினுடையது. சிங்கக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்ளும் காட்சி. நிஜச் சிங்கம்! கிட்டத்தட்ட 200 முறை கூண்டுக்குள் போய் நடித்தாராம். முகத்தில் தெரியும் பயத்தில் பாதி நடிப்பே இல்லை.

குரங்கு சிரிக்கிறதா?

1923, 1924-ல் ஹால் ரோச் என்ற தயாரிப்பாளர் மனிதர்களையே நிறுத்திவிட்டு ஒரு படவரிசை எடுத்தார். 'டிப்பி டூ டாட்ஸ்' என்று பெயர். குரங்குகளும் நாய்களும் வாத்துகளும் சட்டை, தொப்பி போட்டுக்கொண்டு கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லாமே ஆகிவிடும்.

அதற்கு முன்பே ஜோ மார்ட்டின் என்ற ஒராங்குட்டான் யுனிவர்சல் ஸ்டுடியோவின் பெரிய நட்சத்திரமாக இருந்தது. குட்டியாக வந்து, பல நகைச்சுவைப் படங்களில் நடித்தது. ஆனால் ஒராங்குட்டான் குட்டியாகவே இருக்குமா? வளர்ந்தது. பல ஆட்களின் பலம் வந்தது. சொன்ன பேச்சுக் கேட்க மறுத்துக் கோபப்பட்டது. 1924-ல் அதை ஒரு சர்க்கஸுக்கு விற்றுவிட்டார்கள்.

இங்கேதான் நாம் ஒரு பக்கம் வைத்த கேள்வியை எடுக்க வேண்டும். சிம்பன்ஸி பல்லை இளித்துக் காட்டினால் நாம் சிரிக்கிறது என்று நினைக்கிறோம். குரங்குகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் வேறு சொல்கிறார்கள். பல்லெல்லாம் தெரிய உதட்டை இழுப்பது பெரும்பாலும் 'எனக்குப் பயமாக இருக்கிறது, என்னை ஒன்றும் செய்யாதே' என்பதன் அடையாளமாம். தியேட்டரே சிரித்தபோது, திரையில் இருந்தது பயந்துகொண்டிருந்திருக்கலாம். கோயில் வாசலில் ஒரு குரங்கு உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினால், நீங்களும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள்!

செத்த வண்டு நடித்த படம்

எல்லாரும் மிருகங்களை இப்படிப் பாடுபடுத்தவில்லை. விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்று ஒருவர். இன்றைய லித்துவேனியாவில் இருக்கும் கௌனஸ் ஊரின் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். 1910 வாக்கில், மான் கொம்பு போன்ற தாடைகள் உள்ள வண்டுகள் சண்டை போடுவதைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார். அவை இரவில்தான் சண்டை போடும். இருட்டில் படம் எடுக்க முடியாது. விளக்கைப் போட்டாரோ இல்லையோ, வண்டுகள் அப்படியே அசையாமல் நின்றுவிட்டன! உங்கள் கொக்கு மாதிரிதான்.

என்ன செய்தார் தெரியுமா? இறந்துபோன வண்டுகளை எடுத்து, கால்களில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார். காலைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று நூற்றுக்கணக்கில் எடுத்தார். வேகமாக ஓட்டினால், வண்டு நடந்தது, சண்டை போட்டது! 1912-ல் பூச்சிகளையே நடிகர்களாக வைத்து ஒரு முழு நகைச்சுவைப் படம் எடுத்தார். அதில் ஒரு வெட்டுக்கிளி சினிமாக் கேமராவோடு வரும். பார்த்தவர்களில் பலர், 'பூச்சிகளுக்கு எவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்!' என்று வியந்தார்களாம்.

இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் நிஜ ஈயையே நடிக்க வைத்தார். ஈயை மல்லாக்கப் பிடித்து நிறுத்தினால் அது நடப்பதாக நினைத்துக் கால்களை ஆட்டும். அந்தக் கால்களின் மேல் ஒரு குட்டிப் பந்து! 1910-ல் வந்த இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் ஈக்களைப் பறக்க விட்டுவிட்டதாக ஸ்மித் சொன்னார்.

நம் ஊரில் எப்படி?

வெளிநாட்டில் குரங்குக்கு மனிதச் சட்டை போட்டார்கள். நம் நாட்டில் மனிதருக்கு வால் வைத்தார்கள்! சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கதையை 1917-ல் தாதாசாகேப் பால்கே 'லங்கா தகனம்' என்று ஊமைப்படமாக எடுத்தார். அனுமனாக நடித்தவர் கண்பத் ஷிண்டே என்ற மனிதர்தான். சென்னையில் இந்தப் படம் ஓடியபோது, வசூலான காசுகளை மூட்டை கட்டி மாட்டு வண்டியில், போலீஸ் காவலோடு கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். 1919-ல் எடுத்த 'காளிய மர்த்தன'த்தில் கிருஷ்ணனாக நடித்தது பால்கேயின் சின்ன மகள் மந்தாகினி. காளியன் செய்து வைத்த பாம்பு. எந்தப் பாம்புக்கும் வலிக்கவில்லை!

'லங்கா தகனம்' இன்றைக்கு முழுதாக இல்லை, சில துண்டுகள்தான் மிச்சம். அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும். தண்ணீருக்குள் போட்டாலும் எரியும்! இதைச் சொன்னால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஜே.சி. டேனியல் நினைவுக்கு வருவார். சுசீந்திரத்துக்குத் தெற்கே இருக்கும் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். கேரளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தவர். அந்தப் படச்சுருளை அவருடைய மகன் சின்னப் பையனாக இருந்தபோது, எரியும் அழகைப் பார்ப்பதற்காகக் கொளுத்தி விளையாடிவிட்டாராம். விஷயம் தெரியாத வயது! அதன் ஒரு துண்டுகூட இன்று இல்லை.

ஆனால் டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933-ல் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஊமைப்படம் தப்பித்தது. எப்படி? கதையின் உரிமை பற்றி வழக்கு வந்து, படத்தைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். யாரும் ஓட்டாததால் தேயவில்லை. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. படம் ஓடாமல் போனதால் பிழைத்தது, வேடிக்கைதான்! இத்தனை பெரிய படங்களுக்கே இந்தக் கதி என்றால், சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்ட குட்டி நாய்ப் படங்கள் எத்தனை அழிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சட்டம் வந்தது

பேசும் படம் வந்ததும் மிருக நட்சத்திரங்களுக்குக் கஷ்டகாலம். இனி யாரும் பக்கத்தில் நின்று கத்த முடியாதே! 1939-ல் வெளியான ஓர் அமெரிக்கப் படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து ஆற்றில் விழ வைத்தார்கள். குதிரை இறந்தது. மக்கள் கொதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே படப்பிடிப்புக்குக் கண்காணிப்பு வந்தது.

நம் நாட்டில் இதற்காகப் பாடுபட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். ஆமாம், சென்னையில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே நாட்டியக் கலைஞர். 1953-ல் மாநிலங்களவையில் மிருகவதைக்கு எதிராக அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் தொடங்கிய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018 வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்ட 1998-ல் தடை வந்தது. 2001 விதிகளின்படி, மற்ற மிருகங்களைப் படத்தில் பயன்படுத்தவும் பதிவும் அனுமதியும் வேண்டும். அதனால்தான் படம் தொடங்கும் முன் 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்று எழுத்து வருகிறது. சின்னப்பா தேவர் 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு' படத்தில் ஆட்டையே நட்சத்திரம் ஆக்கியபோது இத்தனை கெடுபிடி இல்லை. 2022-ல் வந்த 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தில் உறுமிய புலியோ, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் வளர்ந்த புலி!

லூக் துரத்தும் படம், சாப்ளினும் மட்டும் நடித்த படம், ஸ்டாரெவிச்சின் வெட்டுக்கிளிப் படம், மூன்றுமே இணையத்தில் கிடைக்கின்றன. பெரியவர்களிடம் கேட்டுத் தேடிப் பாருங்கள். முதல் தடவை சும்மா சிரியுங்கள். இரண்டாவது தடவை மிருகத்தின் கண்ணை மட்டும் கவனியுங்கள். அது எதைப் பார்க்கிறது? கூட நடிப்பவரையா, இல்லை திரைக்கு வெளியே நிற்கும் வேறு யாரையோவா? காதும் வாலும் என்ன சொல்கின்றன? பார்த்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நண்பர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லூக் விஷயத்தில் நிச்சயம் சண்டை வரும்!